கோவிந்தம்மாவின் மஞ்சள் தொட்டி

கோவிந்தம்மாவுக்குக் கோபம் வந்தால் வேலை வேகம் பிடிக்கும். அவள் மீன் ஆய்கிறபோது செதில் தெறித்துப் பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் போய் விழுந்தால், அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். அவள் திட்டினால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போகலாம். அவள் திட்டுவதில்லை. கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பாள். குப்பத்து ஆண்களுக்குப் பிடிக்காதது அதுதான்.

குப்பம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல்மேட்டில் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் பழவேற்காடு ஏரி. அவள் பிறந்தது அங்கே அல்ல; ஏரியின் மேற்குக் கரையில், திருப்பாலைவனம் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பில். அங்கே பெண்கள் வலையும் இல்லாமல் படகும் இல்லாமல் இறால் பிடிப்பார்கள். தொடையளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுகிற இறாலை அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. அதன் கயிறு இடுப்பில் கட்டியிருக்கும். கூடை பாதி முழுகினபடி பின்னாலேயே வரும். கரை சேருகிறவரை இறால் தண்ணீரிலேயே உயிரோடு கிடக்கும். கோவிந்தம்மாவுக்கு நடை பழகின கையோடு பழகின வேலை அது. இடுப்பில் அந்தக் கயிறு இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் அவளுக்கு உடம்பில் துணி இல்லாததுபோல் இருக்கும்.

அங்கமுத்து அவளைப் பார்த்தது பழவேற்காடு மீன் ஏலத் திடலில். அவன் கடலுக்குப் போகிற குடும்பம். வீட்டில் வேண்டாம் என்றார்கள். கட்டிக்கொண்டு வந்துவிட்டான். குப்பம் அவளுக்கு 'ஏரிக்காரி' என்று பெயர் வைத்தது. பெண் பிறந்து, அந்தப் பெண் பொன்னேரியில் கல்லூரிக்குப் போய் வருகிற வயது ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அங்கமுத்துவும் அவன் தம்பி தேவேந்திரனும் அலையில் படகை இறக்கியபோது, படகு புரண்டு அங்கமுத்துவின் வலது தோளில் ஏறியது. அதற்கப்புறம் அந்தக் கை மார்புக்கு மேலே எழவில்லை. ஏரியில் மீன் பிடிக்க முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் எந்த இடத்தில் எந்த வீடு வலை கட்டலாம் என்பதை ஊர்தான் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். தண்ணீரில் இறங்குகிற ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. அங்கமுத்துவின் பாடு தம்பிக்குப் போனது. அண்ணன் வீட்டுக் குழம்புக்குத் தினமும் மீன் வரும் என்று தேவேந்திரன் கோயில் முன்னால் நின்று சொன்னான். கொஞ்ச நாள் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு முறை வந்தது. பிறகு, மீனே படவில்லை என்ற செய்தி மட்டும் வந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் அவன் வீட்டுச் சட்டியில் வஞ்சிரம் கொதித்த வாசனை மணல்மேடு முழுக்க அடித்தது.

கோவிந்தம்மா கைப்பிடி இறாலுக்குப் போனாள். ஏரியில் மணல் ஏறி, இறால் குறைந்து, நாள் முழுக்கத் துழாவினாலும் பறியின் அடி மறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கயாக் கிடைத்தது. ஏரிக்கரையில் சென்னைக்காரர் ஒருவர் படகு சவாரி நடத்தினார். ஒரு புயலில் கொட்டகை போனதும் அவரும் போய்விட்டார். ஒரு மஞ்சள் கயாக் வெள்ளத்தில் அடித்து வந்து கோரைப்புல்லில் மாட்டிக்கொண்டது. அந்த இடத்துக் காவல்காரர் அவளுடைய ஊர்க்காரர். கேட்பாரில்லை, எடுத்துக்கொண்டு போ என்றார். ஒரு ஆள் உட்காரும் பிளாஸ்டிக் படகு. இரண்டு முனையிலும் அலகு உள்ள ஒரே துடுப்பு. அவள் அதை ஏரியில் தள்ளி, விழுந்து, ஏறி, மறுபடி விழுந்து, தானே பழகினாள். பிறகு ஒரு நாள் முகத்துவாரத்தைத் தாண்டினாள். வெளியே கடலில் பாடு கிடையாது. யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம்.

யார் வேண்டுமானாலும் என்றால் ஆண்கள். பெண் கடலுக்குப் போகிற படகில் ஏறக் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் கட்டுப்பாடு. கரையில் கிடக்கிற துடுப்பைக்கூடத் தாண்டிப் போகக் கூடாது. யாரோ போய் ஊர்த் தலைவர் பெரியசாமியிடம் சொன்னார்கள். அவர் வந்து கயாக்கைக் காலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது இன்னா படகா? குளிக்கிற தொட்டி. போனா போவட்டும், ரெண்டு அலை அடிச்சா தானா வந்துடுவா" என்றார். அன்றிலிருந்து அது மஞ்சள் தொட்டி. அவள் கடந்து போகும்போது படகுகளிலிருந்து, சோப்பு எடுத்துக்கினியா அண்ணி, முதுகு தேய்க்கட்டுமா அண்ணி என்று குரல் வரும். அவள் துடுப்புப் போடுகிற வேகம் அதற்கு ஏற்றபடி கூடும்.

அலைக்குப் பயந்து அவள் திரும்பிவிடவில்லை. தங்கூஸ் நரம்பில் ஒற்றைத் தூண்டில் கட்டி, பாறை மீனும் கொடுவாவும் பிடித்தாள். பிடித்ததைப் பறியில் போட்டு, பறியைக் கயாக்குக்கு வெளியே தண்ணீரில் தொங்கவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள். பழவேற்காட்டில் மீன் வாங்கும் செசிலியா, இவ்வளவு துடிப்பான மீனைப் படகுக்காரர்கள் கொண்டுவருவதில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அதோடு சிரிப்பு நின்றது.

இங்கே கடலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுறாக் கூட்டம் கண்ணில் பட்டால், பார்த்தவன் துடுப்பில் துணி கட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் உடனே வலையைப் படகுக்குள் இழுத்து வாங்கிவிடுவார்கள். சுறா புகுந்தால் வலை கந்தல். சண்டையில் பேச்சு வார்த்தை இல்லாதவனுக்கும், நேற்றைக்கு வெட்டுக்கத்தி எடுத்தவனுக்கும், துணி தூக்கியே ஆக வேண்டும். தூக்காதவனுக்குக் கடலில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். பெண்களுக்கும் இது தெரியும், கரையிலிருந்தே பார்த்திருக்கிறார்கள்.

சுறா வந்த அன்று காலை காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. தேவேந்திரன் படகும் இன்னும் இரண்டு படகுகளும் தெற்கே வலை விட்டிருந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பறியில் நான்கைந்து மீன் கிடந்தது. தூண்டில் முள் கிழித்த வாயிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் கொக்கியில் இரை குத்திக்கொண்டிருந்தபோது, கயாக்குக்கு அடியில் ஒரு நிழல் போனது. மேகம் என்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை.

நிழல் திரும்பி வந்தது. முதுகு இறக்கை தண்ணீருக்கு மேலே ஒரு சாண் எழுந்தது. அதன் நுனி கறுத்திருந்தது. சுறா கயாக்கின் நீளத்துக்கு ஒரு முழம்தான் குறைவு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவள் துடுப்பை எடுத்தாள். அடிக்க அல்ல, ஓட. அதற்குள் பறியைச் சுறா கவ்விவிட்டது.

இடுப்புக் கயிறு அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. கயாக் சாய்ந்து, இடது கையும் முகமும் தண்ணீருக்குள் போயின. உப்புத் தண்ணீரில் திறந்த கண்ணுக்கு நேரே வெள்ளை வயிறு ஒன்று புரண்டது. கயிற்றின் முடிச்சு ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சுதான். ஆனால் இழுபட்டு இறுகியிருந்தது. அவள் முழங்காலைக் கயாக்கின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஓலை கிழிந்தது. பறி இரண்டாகப் போனது. ஒரு பாதி சுறாவோடு, மறு பாதி கயிற்றோடு. நைலான் பையாக இருந்திருந்தால் அவளும் போயிருப்பாள்.

அவள் கத்தினாள். தெற்கே இருந்த படகுகளில் தலைகள் திரும்பின. ஒருவரும் வரவில்லை. ஏறு தண்ணீர் முகத்துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அவளைக் கரைக்குக் கொண்டுவந்தது.

வீட்டுக்கு வந்து அங்கமுத்துவிடம் இடுப்பைக் காட்டினாள். கயிறு அறுத்த தடம் சிவந்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. அவன் இடது கையால் தேங்காய் எண்ணெய் தடவினான். எப்படி என்று கேட்டான். பறியைப் பற்றிச் சொன்னதும் அவன் கை நின்றுவிட்டது.

"கடல்ல பறியைத் தொங்க விட்டியா?"

"எப்பவும் அப்படித்தான விடுவேன்."

"அது ஏரி. சேத்துத் தண்ணி, சுறா கெடையாது. கடல்ல ரத்தம் கசியற மீனைத் தொங்கவிட்டா, சோறு போட்டுக் கூப்பிடற மாதிரி. எந்தப் பையனுக்கும் தெரியுமே இது."

அவள் கடலிலும் பறியைத் தொங்கவிடுவது தெரிந்திருந்தால் அவன் முன்பே சொல்லியிருப்பான். கை போனதிலிருந்து அவன் கரைப்பக்கம் வருவதில்லை. மற்றவர்கள் படகு இறக்குவதைப் பார்க்க அவனால் முடியவில்லை. ஆனால் மற்றவர்கள் பார்த்தார்கள். தினமும் அவள் பக்கத்தில் வந்து, சோப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போன ஒவ்வொருவனும் அந்தப் பறியைப் பார்த்தான். பார்த்து, தெரிந்து, சிரித்து, சொல்லாமல் போனான். இதை மறதி என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு அவள் இரண்டு குடும்பத்துக்கு ஆகிற துணியைத் துவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்ணைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லாததால் அங்கமுத்துவைக் கூப்பிட்டார்கள். கோவிந்தம்மா கூடவே போய், பெண்கள் நிற்கும் வேலியோரத்தில் நிற்காமல் அவன் பக்கத்தில் நின்றாள். பெரியசாமி அவளைப் பார்க்காமல் பேசினார். பெண் கடலில் கால் வைத்தால் கங்கையம்மன் பொறுக்க மாட்டாள், இப்போது சுறாவை அனுப்பியிருக்கிறாள், அடுத்தது எல்லார் வலைக்கும் வரும் என்றார். தொட்டியை ஊரில் ஒப்படைத்துவிட வேண்டும்; அதுதான் கூட்டத்தின் நோக்கம். அது போனால் கோவிந்தம்மாவுக்கு ஏரியும் இல்லை, கடலும் இல்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

தேவேந்திரன் எழுந்தான். தெய்வ குற்றம்தான் என்பதற்குத் தானே சாட்சி என்றான்.

"நாலஞ்சு நாளா கண்ணால பாக்கறேன் மாமா. அண்ணி பின்னாடியே ரெண்டு சுறா சுத்துது. தொட்டி எங்க போவுதோ அங்க போவுது. எங்க படகாண்ட வரல. அண்ணிய மட்டும்தான் சுத்துச்சு. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். கோவிந்தம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நாலஞ்சு நாளா பாத்தியா?"

"பாத்தேன்."

"துணி தூக்கினியா?"

அவன் பெரியசாமியைப் பார்த்தான். பெரியசாமி கோயில் மணியைப் பார்த்தார்.

"துணி படகுக்குத்தான் அண்ணி தூக்குவாங்க" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"என்னுது?"

"அது தொட்டி. ஊருக்கே தெரியும்."

"சரி." அவள் பெரியசாமியின் பக்கம் திரும்பினாள். "மாமா, தொட்டினு மொதல்ல சொன்னது நீங்க. பொம்பள படகுல ஏறக் கூடாதுன்றது கட்டுப்பாடு. தொட்டியில ஏறக் கூடாதுனு எப்ப கட்டுப்பாடு போட்டீங்க? அது தொட்டினா என்ன எதுக்கு நிக்க வெச்சிருக்கீங்க? அது படகுனா, துணி தூக்காத இவனை எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க?"

ஏரிக்காரிக்கு வக்கீல் வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று ஒருவன் அங்கமுத்துவைப் பார்த்துக் கேட்டான். அங்கமுத்து அந்தக் கூட்டத்தில் அதுவரை வாய் திறக்கவில்லை. "யாரும் கத்துக் குடுக்கல. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றான்.

 அவள் பதிலுக்கு நின்றாள். கொசு கடித்தது; குழந்தைகள் அழுதார்கள்; ஆண்கள் வேட்டியை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். கடைசியில் பெரியசாமி, அமாவாசைக்கு மறுபடி கூடலாம், அதுவரை தொட்டி கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அங்கமுத்து, அவன் என் தம்பி என்றான், அதற்கு மேல் சொல்லத் தெரியாமல். "அதனாலதான் கேட்டேன்" என்றாள். "வேற எவனாவது பாத்துட்டுச் சும்மா இருந்தா, ஏரிக்காரிதானேனு இருந்தான்னு உட்டுடுவேன். இவன் என் கையால சாப்ட்டவன்."

இரண்டு நாள் அவள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் கயாக்கை இழுத்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாதவர்கள் போட்ட தடை தடையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அங்கமுத்து அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கேனின் மேல்பகுதியை ஒற்றைக் கையால் அறுத்து, உள்ளே நனைந்த சாக்கைப் போட்டு, கயாக்கில் அவள் காலுக்கு நடுவே பொருத்தியிருந்தான். மீன் இனி அதற்குள். பிறகு ஒரு பழைய சிவப்புத் துணியை நீட்டினான். அவன் படகில் போன காலத்தில் துடுப்பில் கட்டியது.

"பாத்தா தூக்கு. யாரா இருந்தாலும் தூக்கு."

அவள் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். 

முகத்துவாரத்துக்கு வெளியே அதே மூன்று படகுகள். கவலை என்கிற பொடிமீன் கூட்டம் வந்திருந்தது; தண்ணீர் மேலே மழை விழுவதுபோல் பொரிந்தது. மூவரும் வலையை நீளமாக விட்டிருந்தார்கள். தேவேந்திரன் வலை கடைசி, கிழக்கு ஓரம். அவள் வருவதைப் பார்த்து ஒருவரும் கூப்பிட்டுக் கேலி பேசவில்லை. தேவேந்திரன் முதுகைக் காட்டி நின்றான். கரையேறினதும் பெரியசாமியிடம் போய்ச் சொல்லப் போகிறவனின் முதுகு அது.

அவள் தூண்டில் போட்டு உட்கார்ந்த இடம் அவர்களுக்கும் கிழக்கே. அதனால் அவள்தான் முதலில் பார்த்தாள். கறுத்த நுனிகள். இந்த முறை இரண்டல்ல. எண்ணி முடிப்பதற்குள் முழுகின, மறுபடி எழுந்தன. அவளைச் சுற்றவில்லை. அவள் பக்கத்தில் தண்ணீரில் எதுவும் தொங்கவில்லை. அவை கவலைக் கூட்டத்தை ஒட்டி மேற்கே போயின. நேரே தேவேந்திரன் வலைக்கு.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. போகட்டும். நான்கைந்து நாள் அவன் பார்த்தான். நான் நான்கைந்து நிமிஷம் பார்க்கிறேன். வலை கந்தலாகட்டும். அவன் அண்ணன் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதுபோல் அவனும் கரையில் உட்காரட்டும். இடுப்புக் காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. அவள் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு அவளுக்கு இன்னொரு கோபம் வந்தது. முதல் கோபத்தைவிடப் பெரியது. இப்போது சும்மா இருந்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பார்த்தீர்களா, தொட்டிக்காரிக்குக் கடல் வழக்கம் என்ன தெரியும் என்பார்கள். அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். கடலில் சுறாவைப் பார்த்துத் துணி தூக்குவது படகுக்காரன் செய்கிற வேலை.

அவள் மடியிலிருந்து துணியை உருவினாள். துடுப்பின் அலகில் இறுக்கிக் கட்டினாள். முழங்காலில் எழுந்து நின்று தூக்கினாள். அவன்மேல் இரக்கப்பட்டுத் தூக்கவில்லை. அவன் முகத்தில் அடிப்பதாக நினைத்துத்தான் தூக்கினாள்.

மேற்கே இருந்த இரண்டு படகுகளும் பார்த்தன. யார் துணி என்று யோசிக்கிற வழக்கம் கடலில் இல்லை. கை தானாக வலைக்குப் போயிற்று. ஆட்கள் குனிந்து வாங்க ஆரம்பித்தார்கள்.

தேவேந்திரன் திரும்பினான். சிவப்புத் துணி தெரிந்தது. அதைப் பிடித்திருப்பது யார் என்பதும் தெரிந்தது. அவன் வலைக்கயிற்றில் கை வைத்தபடியே நின்றான். வாங்கினால் ஊர் முன்னால் பேசின பேச்சு போகும். வாங்காவிட்டால் வலை போகும். அவன் படகில் கூலிக்கு வந்த ஆள், இன்னாண்ணா நிக்கற, துணி தெரியலையா என்று கத்தியது அவள் வரைக்கும் கேட்டது. அவள் துடுப்பை இறக்கவில்லை.  அவன் பார்க்கிறவரை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்தான். வலையை வாங்கினான். கடைசித் துண்டில் ஒரு சுறா புகுந்துவிட்டது. அந்த மூலை கிழிந்து வந்தது. மற்றது பிழைத்தது.

மூன்று படகுகளும் அவளுக்கு முன்னால் கரையேறிவிட்டன. அவள் வந்தபோது பெரியசாமி அங்கே நின்றிருந்தார். படகுக்காரர்கள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் அவளைப் பார்த்துவிட்டு, கிழிந்த வலை மூலையைக் குனிந்து பார்க்கிறவர்போல் குனிந்துகொண்டார். அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அமாவாசை வந்து போன பிறகும் பேசவில்லை.

இதுவரை கோவிந்தம்மா கயாக்கை வீட்டுக்குப் பின்னால், குப்பைமேட்டு ஓரத்தில் கவிழ்த்து வைப்பாள். அன்றைக்கு அதைக் கரையிலேயே இழுத்து, படகுகள் வரிசையாகக் கிடக்கிற இடத்தில், அங்கமுத்துவின் படகு முன்பு கிடந்த காலி இடத்தில் வைத்தாள். இரண்டு கொம்பு நட்டுக் கயிற்றைக் கட்டினாள். கேனிலிருந்த மீனைக் கொட்டிச் செதில் சீவத் தொடங்கினாள். செதில் நான்கு பக்கமும் தெறித்தது.

மறுநாள் தேவேந்திரன் படகு இறக்க வந்தான். கயாக் அவன் வழியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. காலால் தள்ளிவிடுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் காலைத் தூக்கவில்லை.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி வெச்சீங்கனா படகு எறக்கலாம்."

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுத்திப் போ."

 அவன் ஆட்களைக் கூப்பிட்டு, படகின் முனையைத் திருப்பி, சுற்றிக்கொண்டு போனான்.